மலை வீட்டு விருந்துக்கு ஒரு பாத்திரம் போதும்

(கொடைக்கானல் பட்டிமன்றம். தலைப்பு: விடுமுறைக்கு உறவு கூடும் மலை வீட்டில் மனம் நிறைப்பது வகைவகையான இலை விருந்தே! ஒரே பாத்திரச் சமையலே! இது இரண்டாம் அணியின் உரை.)

நடுவர் அவர்களே, கம்பளியும் குல்லாவுமாக வந்து உட்கார்ந்திருக்கும் மலை மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் மூன்று கருத்துகளை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதை இலையில் உள்ள பதார்த்தங்களின் எண்ணிக்கையில் தெரியும் என்றார். ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் போட்டு வேகவைப்பது காய்ச்சல்காரருக்கான சாப்பாடு என்றார். பொங்கலும் தீபாவளியும் ஒரு குக்கருக்குள் அடங்காது என்றார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவர் வர்ணித்த விருந்து மதுரையில் நடக்கும், தஞ்சாவூரில் நடக்கும். தலைப்பில் 'மலை வீடு' என்று ஒரு சொல் இருக்கிறது, நடுவர் அவர்களே. அந்தச் சொல்லை அவர் தொடவே இல்லை. நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஒவ்வொரு 300 மீட்டர் ஏறும்போதும் ஏறத்தாழ 1 டிகிரி குறையும். நம் ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆக, இங்கே 93 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடுகிறது. அடுப்பைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். கீழேயிருந்து வரும் பெரியம்மாவும் அத்தையும் 'என்ன பருப்பு வாங்கினே, ஒரு மணி நேரமா வேகுது' என்று கடைக்காரரைத் திட்டுவதற்குக் காரணம் இதுதான். பருப்பின் மேல் குற்றம் இல்லை. மலை உயரம் அப்படி.

குக்கருக்குள்ளும் இந்தக் கணக்கு உண்டு. வெளியே இருக்கிற காற்றழுத்தத்துக்கு மேல்தான் வெயிட் தன் அழுத்தத்தைச் சேர்க்கிறது. வெளியே குறைந்தால் உள்ளேயும் குறையும். சமவெளியில் உள்ளே 120 டிகிரி வருகிற குக்கர், இங்கே 116 அளவில்தான் நிற்கும். அதனால் நேரத்தில் நாலில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். கீழே 10 நிமிடம் என்றால் இங்கே 12 அல்லது 13. இதற்கு விசிலை எண்ணுவது சரிப்படாது. பெரிய தீயில் மூன்று நிமிடத்தில் நான்கு விசில் வந்துவிடும், பருப்பு அரைவேக்காடாகவே கிடக்கும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள்.

இப்போது எதிரணியின் இலையை இந்தச் சமையலறைக்குள் கொண்டுவாருங்கள். சாதம், சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், வறுவல், வடை, பாயசம். வீட்டில் இருப்பது இரண்டு அடுப்பு. ஒவ்வொன்றும் கீழே ஆவதைவிட அதிக நேரம் எடுக்கும். எட்டாவது பதார்த்தம் இறங்குகிறபோது முதலாவது சில்லென்று ஆகியிருக்கும். மார்கழியில் இரவு 10 டிகிரிக்குக் கீழே போகிற ஊர் இது. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். அந்த எண்ணெயில் தாளித்த கூட்டு இலையில் வெள்ளை படர்ந்து நிற்கும். நெய் கட்டியாகும். மூடுபனி இறங்கினால் அப்பளம் கால் மணி நேரத்தில் நமுத்துப்போகும். எட்டுச் சின்னக் கிண்ணங்கள் எட்டு மடங்கு வேகமாக ஆறும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே அடிகனமான பாத்திரத்தில் மொத்தமாக இருக்கும் சோறு, கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து வைத்ததைவிட வெகுநேரம் சூடு தாங்கும். பிரஷர் தானாக அடங்கிய குக்கரைப் பழைய கம்பளியில் சுற்றி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தாலும் ஆவி பறக்கும்.

அந்தப் பாத்திரத்துக்குள் என்ன என்று கேட்பீர்கள். பழனியிலும் ஒட்டன்சத்திரத்திலும் வீட்டுக்கு வீடு தெரிந்த அரிசிம்பருப்புதான். கொங்கு நாட்டு அடுப்பிலிருந்து வந்தது, நம் மலைக்கென்றே அமைந்தது. எட்டுப் பேருக்கு அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

200 மில்லி டம்ளரில் பொன்னி புழுங்கலரிசி 4, துவரம்பருப்பு 1, தண்ணீர் 13. பச்சரிசி என்றால் தண்ணீரில் ஒரு டம்ளரைக் குறையுங்கள். 10 லிட்டர் குக்கர் வேண்டும். பருப்பும் அரிசியும் பொங்கி நுரைக்கும் என்பதால் பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. நிரம்பினால் கஞ்சி ஏறி வெயிட் துவாரத்தை அடைக்கும். அது ருசிப் பிரச்சினை இல்லை, ஆபத்து. அரிசியையும் பருப்பையும் சேர்த்துக் கழுவி அரை மணி ஊறவையுங்கள்.

அடியில் நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி. கடுகு வெடித்ததும் சீரகம் 2 டீஸ்பூன், மிளகு 1 டீஸ்பூன், வரமிளகாய் 6, கறிவேப்பிலை, பெருங்காயம். பிறகு சின்ன வெங்காயம் 200 கிராம், உரித்து முழுசாக. பிறகு பூண்டு. நம் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து மலைப்பூண்டு 12 பல் போதும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. பல் சின்னது, காரமும் மணமும் அதிகம். கீழ்நாட்டுப் பூண்டு அளவுக்கு 20 பல் போட்டால் மற்ற வாசனையெல்லாம் அடிபட்டுப்போகும். பல்லை நசுக்காமல் முழுசாகவே போடுங்கள். நறுக்கிப் போட்டால் எண்ணெயில் சிவந்து கசக்கும். முழுப் பல் வெந்து வெண்ணெய்போல் ஆகும், குழந்தைகள்கூட ஒதுக்காது.

தக்காளி 3, மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், தேங்காய்ப் பல் ஒரு கைப்பிடி. தக்காளி குழைந்த பிறகு, இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது, மசாலா பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும். அதன் மேல் அரிசியைக் கொட்டி மூடினால் கண்டிப்பாக அடிப்பிடிக்கும். முதலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டி, ஒட்டியதெல்லாம் கரைந்த பிறகு அரிசியும் பருப்பும் போட வேண்டும். கல்லுப்பு 2 மேசைக்கரண்டி போட்டுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் வெந்த பிறகு சரியாக இருக்கும். புளி மட்டும் இதில் வேண்டாம். புளி பருப்பை இறுக்கிப்பிடிக்கும், வேகவிடாது. சாம்பார் சாதம் செய்கிறவர்கள் பருப்பு குழைந்த பிறகே புளிக்கரைசல் ஊற்றுவதன் காரணமும் அதுவே.

காய் போட நினைத்தால் பச்சை பட்டர் பீன்ஸ் முதல் தேர்வு. பருப்பு வேகும் நேரத்திலேயே அதுவும் பஞ்சாக வேகும். கேரட்டை ஒன்றரை அங்குலத் துண்டாகப் போடுங்கள், பொடியாக நறுக்கினால் கரைந்துவிடும். கீழ்மலைச் சௌசௌ நீர் விடும், அதற்கு அரை டம்ளர் தண்ணீரைக் குறையுங்கள். பட்டாணியைத் தனியே வேகவைத்துக் கடைசியில் கிளறுவது நல்லது.

முதல் விசில், சிம்மில் 12 நிமிடம், அடுப்பை அணைத்துக் கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் உள்ளே இருப்பது சீறிக்கொண்டு வெளியே வரும், மேல் அரிசியும் முழுதாக வேகாது. திறந்ததும் நீர்க்க இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நெய் 3 மேசைக்கரண்டி விட்டுக் கிளறினால் பத்து நிமிடத்தில் பதத்துக்கு வரும். நம் குளிரில் அதற்கப்புறமும் இறுகும். ஆகவே பக்கத்தில் இரண்டு டம்ளர் வெந்நீர் இருக்கட்டும். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் சோறும் தண்ணீரும் தனித்தனியாக நிற்கும். அப்பளத்தை எல்லாரும் உட்கார்ந்த பிறகு பொரியுங்கள்.

இனி, காய்ச்சல் சாப்பாடு என்ற வாதம். வத்தலக்குண்டிலிருந்து வளைவு வளைவாக ஏறி வரும் குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். பாதி வழியில் வாந்தி, முகம் வெளிறி, வயிறு பிரட்டி வருவார்கள். அவர்கள் முன்னால் வடையும் வறுவலும் எண்ணெய் மினுக்க வைத்தால் ஒரு வாய் இறங்குமா? குழைந்த பருப்புச் சோறு, சீரகம், மிளகு, நெய். அந்த வயிறு அதைத்தான் கேட்கும். நோயாளிக்கும் ஒத்துக்கொள்கிற சோறு என்பதை எதிரணி குறையாகச் சொல்லலாம். மூன்று வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே தட்டிலிருந்து சாப்பிட முடிகிற சோறு அது என்று நான் சொல்கிறேன். நீலகிரியில் படுகர் வீடுகளைப் பாருங்கள். அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு, கூடவே சோறு அல்லது ராகிக்களி. தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்ந்தவர்கள் ஒரு பாத்திரத்தின் அருமையை அறிந்தவர்கள்.

மரியாதைக்கு வருகிறேன். எட்டுப் பதார்த்த விருந்தில் சமைத்தவர் எப்போது சாப்பிடுகிறார், நடுவர் அவர்களே? மூன்றாம் பந்திக்கும் பிறகு, அடுப்படியில் நின்றபடி, ஆறிப்போன கூட்டை வழித்துப் போட்டுக்கொண்டு. வந்த தங்கைக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கவே நேரம் இல்லை. அக்கா உள்ளே ரசம் தாளிக்கிறாள். இரண்டு நாள் விடுமுறைக்கு வந்தவர்கள் அவளைச் சமையலறைக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு இறங்கிப்போகிறார்கள். இதைத்தான் மரியாதை என்கிறதா எதிரணி? குக்கர் சிம்மில் இருக்கும் 12 நிமிடமும் அடங்குகிற 15 நிமிடமும் அவள் கூடத்தில் உட்காரலாம். பந்தியிலும் முதல் ஆளாக உட்காரலாம். நான் இந்த அணியில் நிற்பதற்கு வேறு எந்தக் காரணத்தையும்விட இதுவே பெரிது.

பண்டிகை அடங்காது என்றார்கள். தீபாவளி மத்தியானத்துக்குப் பிரிஞ்சி இருக்கிறது. சீரகச்சம்பா 1 டம்ளரை 20 நிமிடம் ஊறவைத்து வடித்து, தேங்காயின் இரண்டாம் பால் 1 டம்ளர், தண்ணீர் முக்கால். முதல் பாலை ஊற்றினால் அழுத்தத்தில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். குக்கரில் நீர் வற்றுவது குறைவு என்பதால் மலைக்கென்று தண்ணீர் கூட்ட வேண்டாம், நேரத்தை மட்டும் கூட்டுங்கள்.

பொங்கல் பானையைக் குக்கருக்குள் அடைக்கச் சொல்ல மாட்டேன். அது முற்றத்தில் பொங்க வேண்டும். ஆனால் அதுவும் ஒரே பாத்திரம்தானே! எதிரணி எங்கள் சாட்சியைத் தாங்களே கூட்டி வந்திருக்கிறார்கள். பானையிலும் மலைக்கு ஒரு பக்குவம் உண்டு. 93 டிகிரியில் பால் சீக்கிரம் பொங்கிவிடும், அரிசி தாமதமாகத்தான் வேகும். பொங்கிய உற்சாகத்தில் வெல்லத்தைக் கொட்டினால் அரிசி அதற்கு மேல் வேகாமல் விறைத்து நிற்கும். அரிசியை அரை மணி ஊறவையுங்கள், தண்ணீர் ஒரு டம்ளர் கூடுதலாக வையுங்கள், ஒரு பருக்கையை விரலில் நசுக்கி நடுவே வெள்ளைப் புள்ளி இல்லை என்று பார்த்த பிறகே வெல்லம்.

காலையில் இட்லி என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். கீழே 10 மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே குளிரில் ஒரு முழு நாள்கூட எடுக்கும். வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, உப்பைப் பிறகு போட்டு ஒப்பேற்றலாம். ஆனால் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத வீட்டுக்கு வெண்பொங்கலே கைகொடுக்கும். பச்சரிசி 1, பாசிப்பருப்பு அரை, தண்ணீர் ஐந்தரை.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கட்டுச்சோறும் இதே பாத்திரத்தில்தான். சாதத்தைச் சூட்டோடு குழைய மசித்து, காய்ச்சிய பால் 3 பங்கு ஊற்றி, வெதுவெதுப்பாக ஆறியதும் தயிர் 1 பங்கு மட்டும் கலந்து, உப்பு, இஞ்சி, கொஞ்சம் நீர்க்கவே கட்டிக்கொடுங்கள். இங்கே சாப்பிட்டால் பால்சோறு மாதிரி இருக்கும். மலை இறங்க இறங்க வெயில் ஏறும், தயிர் தன் வேலையைத் தொடங்கும். வத்தலக்குண்டு தாண்டி ஒரு புளியமர நிழலில் வண்டியை நிறுத்திப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அது தயிர்சாதமாகியிருக்கும்.

நன்றி, வணக்கம்.