சந்தையில் பல் பார்க்கலாம், மரபணு பார்க்க முடியுமா?

[காட்சி: ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை]

கிடா வாங்க வருகிறவர் முதலில் வாயைப் பிளந்து பல் பார்ப்பார். பிறகு முதுகில் கை வைத்துச் சதை பார்ப்பார், தூக்கி எடை பார்ப்பார். அந்த ஆட்டின் மரபணுவில் யாராவது கை வைத்திருந்தால் இது எதிலும் தெரியாது. மரபணு மாற்றிய விலங்கு உணவுக்கு வரக்கூடாது என்று ஆடு வளர்க்கும் நாங்கள் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

[காட்சி: சால்மன் மீன் பண்ணை]

அட்லாண்டிக் சால்மனுக்குள் சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை வைத்தார்கள். மூன்று வருடத்தில் வரும் எடை ஒன்றரை வருடத்தில் வந்தது. அமெரிக்கா 2015 நவம்பரில் அனுமதித்தது. 2017இல் கனடாவில் விற்றபோது லேபிள் கட்டாயமில்லை. சாப்பிட்டவருக்கே தெரியாது.

இப்போது வருவது வேறு வகை. வெளி மரபணு எதையும் வைக்காமல், இருப்பதையே கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் வெட்டுகிறார்கள். 2025 மே மாதம் காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம் இப்படி ஒரு செம்மறியை அறிவித்தது. தசை அளவுக்கு மேல் வளராமல் தடுக்கும் மயோஸ்டேட்டின் மரபணுவை வெட்டியிருக்கிறார்கள். சதை 30 சதவீதம் வரை கூடும் என்கிறார்கள்.

சிக்கல் எங்கே? பெல்ஜியன் புளூ மாட்டில் இதே மரபணு இயற்கையாகவே பழுது. கன்று பெருத்துப் போவதால் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கிறார்கள். அங்கே டாக்டர் வந்துவிடுவார். ஜவ்வாது மலையடிவாரத்துப் பட்டியில் ராத்திரி குட்டி சிக்கிக்கொண்டால் தாயும் போகும், குட்டியும் போகும். செம்மறிக்கு இப்படி ஆகாது என்றால், பல ஈற்றுக் கணக்கைக் காட்டிவிட்டுச் சொல்லட்டும்.

அடுத்தது, வெட்டிய இடத்தில் வேண்டாதது ஒட்டிக்கொள்வது. அமெரிக்காவில் மரபணுவைத் திருத்திக் கொம்பில்லாத காளைகளை உருவாக்கினார்கள். தவறு எதுவும் இல்லை என்று 2016இல் கட்டுரையும் வந்தது. 2019இல் உணவு மருந்து நிர்வாகம் அதே மரபணுத் தகவலைத் திரும்பப் பார்த்தபோது, வேலைக்குப் பயன்படுத்திய பாக்டீரியா டி.என்.ஏ.வும், ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுக்களும் உள்ளேயே இருந்தன. முதலில் ஏன் தெரியவில்லை? அதைத் தேடவே இல்லை.

[காட்சி: ஆம்பூர், கறிக்கடை]

லேபிள் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். நம் ஊர்க் கறி பாக்கெட்டிலா வருகிறது? கொக்கியில் தொங்கும் தொடையில் எதை ஒட்டுவது? ஒரு கிடாவை 25, 30 பெட்டைகளோடு விடுகிறோம். குட்டிகள் பொய்கை, ஒடுகத்தூர் என்று கை மாறிவிடும். பிறகு திரும்பக் கூப்பிட வழியில்லை. லேப் பரிசோதனையும், மரபணுவில் எந்த இடத்தில் எந்த எழுத்து மாறியது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் கண்டுபிடிக்கும்.

அதனால் தடுக்க வேண்டியது வாசலிலேயே. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் மரபணு மாற்றிய உணவை விற்கத் தடை போடுகிறது. 2022 மார்ச் 30 அன்று மரபணு மாற்ற விதிகளிலிருந்து மத்திய அரசு கொடுத்த விலக்கு மரபணு திருத்திய செடிகளுக்கு மட்டும்தான், விலங்குக்குக் கிடையாது. அதை விலங்குக்கும் நீட்டும் வரைவு வந்தால், கருத்துக் கேட்கும் காலத்துக்குள் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். வெட்டிய இடத்தின் முழு விவரமும், கண்டுபிடிக்கும் பரிசோதனை முறையும் அனுமதிக்கு முன்பே பொதுவில் வர வேண்டும். கிடா, சினை ஊசிக்கான விந்துக்குச்சி இரண்டையும் 12 இலக்கக் காது வில்லை எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். அதுவரை ஒரு கிடாகூட ஆராய்ச்சிப் பண்ணையை விட்டு வெளியே வரக்கூடாது என்று கேளுங்கள்.