20,000 என்று போட்ட பவர் பேங்க்கில் 12,000தானா? மீதி 8,000 எங்கே?

உங்கள் பவர் பேங்க்கைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 20,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் கணக்கு). இப்போது திருப்புங்கள். கண்ணாடி போட்டால்தான் தெரியும் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று ஒரு வரி இருக்கும். அங்கே 12,000 அல்லது அதை ஒட்டி ஏதோ ஒரு எண். மீதி 8,000 எங்கே? கடைக்காரர் எடுத்துக்கொண்டாரா?

வணக்கம் மக்களே! ரயிலிலும் விமானத்திலும் போகும்போது போனை அணையவிடாமல் வைத்திருப்பது எப்படி என்பதுதான் இன்றைய வீடியோ. முன்னாடியே சொல்லிவிடுகிறேன், பாதி வீடியோ இந்த 8,000 பற்றித்தான். எனக்கு இதில் கொஞ்சம் பைத்தியம் உண்டு.

லித்தியம் பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் பள்ளிப் பாடம், தாண்டிவிடுவோம். நமக்கு ஒரே ஒரு பெருக்கல் கணக்கு போதும்.

[திரையில்: பவர் பேங்க்கின் பின்பக்கம், மிக நெருக்கத்தில்]

பவர் பேங்க்குக்கு உள்ளே இருக்கும் செல்கள் 3.7 வோல்ட். அந்த 20,000 என்பது இந்த 3.7 வோல்ட்டில் அளந்த கணக்கு. ஆயிரத்தால் வகுத்து 20 ஆக்கி, 3.7-ஆல் பெருக்குங்கள். 74 வரும். இதுதான் வாட் அவர், உள்ளே உண்மையில் இருக்கும் சக்தி. ஆனால் யு.எஸ்.பி. வழியாக வெளியே வருவது 5 வோல்ட். அதே 74-ஐ 5-ஆல் வகுத்தால் 14.8, அதாவது 14,800 எம்.ஏ.எச். வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும். பவர் பேங்க்கைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதே, அது உங்கள் காசுதான். அது போக மிஞ்சி வெளியே வருவதுதான் பின்பக்கத்தில் பார்த்த அந்த 12,000.

பண்ருட்டி பலாப்பழத்தை முழுசாக நிறுத்து வாங்குகிறோம் இல்லையா, அந்தக் கதைதான். எடை பொய்யில்லை. ஆனால் தோலும் சடையும் போக, சுளை எவ்வளவோ அவ்வளவுதான் வாய்க்கு. கம்பெனிகள் பழத்தின் எடையைப் பெரிதாகவும் சுளையின் எடையைப் பொடியாகவும் அச்சடிக்கின்றன. சட்டப்படி தப்பில்லை, ஆனால் எனக்குக் கடுப்பாகத்தான் இருக்கிறது.

சரி, போனுக்கு எத்தனை தடவை ஏறும்? 5,000 எம்.ஏ.எச். போன் பேட்டரி ஏறக்குறைய 19 வாட் அவர். பவர் பேங்க்கிலிருந்து, 12-ஐ 5-ஆல் பெருக்கி, 60 வாட் அவர் வெளியே வருகிறது என்று வையுங்கள். போனும் தன் பங்குக்குச் சூடாகிக் கொஞ்சத்தைத் தின்னும். கடைசியில் மூன்று தடவைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். 20,000-ஐ 5,000-ஆல் வகுத்து நாலு என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தால் திருத்திச் சொல்லிவிடுங்கள். 10,000 எம்.ஏ.எச். வைத்திருப்பவர்களுக்கு ஒன்றரைத் தடவைகூட வராது. ஒயர்லெஸ்ஸில் வைத்தால் இன்னும் குறையும். பயணத்தில் ஒயர்தான் ராஜா.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கடையில் 26,800 என்றும் 27,000 என்றும் பவர் பேங்க் பார்த்திருப்பீர்கள். ஏன் இப்படி ஒரு ஒட்டாத எண்? 27-ஐ 3.7-ஆல் பெருக்குங்கள்.

[திரையில்: 27 × 3.7 = 99.9]

99.9! விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய உச்சவரம்பு 100 வாட் அவர். விதியின் தலையை இடிக்காமல், ஒரு நூல் இடைவெளியில் நிற்கும்படி செய்த சாமான் அது. இதைக் கண்டுபிடித்த அன்று நான் வீட்டில் எல்லோரையும் பிடித்து வைத்துச் சொன்னேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. நீங்களாவது ஒரு லைக் போடுங்கள்.

30,000 என்றால் 111 வாட் அவர். 100-க்கும் 160-க்கும் நடுவில் இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதுவும் ஆளுக்கு இரண்டுதான். 160-ஐத் தாண்டினால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எந்த அளவாக இருந்தாலும் செக்-இன் பெட்டியில் மட்டும் போடவே கூடாது. கேபினில் புகைந்தால் ஊழியர்கள் ஓடிவந்து தண்ணீர் ஊற்றலாம். சரக்கு அறைக்குள் யார் போவது?

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் தலைக்கு மேலே பை வைக்கும் அறையிலிருந்து பற்றி எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பிவிட்டார்கள். பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. விபத்தை அடுத்து மார்ச் முதல் தேதியிலிருந்து கொரிய விமானங்களில் அதை மேலே வைக்கக் கூடாது என்றார்கள். ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும், அக்டோபர் முதல் எமிரேட்ஸிலும் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தவே தடை. ஆகவே சிங்கப்பூர், துபாய் கிளம்பும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, போர்டிங்குக்கு முன்பே போனை முழுசாக ஏற்றிவிடுங்கள். பவர் பேங்க்கின் மேல் இருக்கும் எழுத்து தேய்ந்து போயிருந்தால் புதிதாக ஒன்று வாங்குவது நல்லது. வாட் அவர் தெரியாவிட்டால் சோதனையில் இருப்பவர் உங்களுக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

ரயிலுக்கு வருவோம். பெட்டியின் சார்ஜிங் பாயின்ட்டில் வருவது 110 வோல்ட். கவலை வேண்டாம், போன் சார்ஜரில் 100–240 என்று போட்டிருக்கும், அது தாங்கும். பிரச்சினை வோல்ட் இல்லை, ஓட்டை. ஆயிரம் பிளக் பார்த்த பாயின்ட் அது, தொளதொளவென்று இருக்கும். கனமான சார்ஜர் தன் எடையிலேயே சாய்ந்து, ரயில் தடம் மாறும் ஒவ்வொரு குலுக்கலிலும் ஏறுவதும் நிற்பதுமாக இருக்கும். சின்ன சார்ஜர், நீள ஒயர், அவ்வளவுதான் வழி. 2021 மார்ச்சில் தீ விபத்துகளைக் காரணம் காட்டி, இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை சார்ஜிங் பாயின்ட்டை நிறுத்திவைக்க ரயில்வே முடிவெடுத்தது. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ்ஸில் மூன்று நாளுக்கு மேல் பயணம். அதில் போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்திலேயே போனைச் சொருகிவிடுவது நல்லது. பாயின்ட்டில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், விடியும்போது ஒயர் மட்டும் தொங்கும்.

இன்னொன்று. காட்டு வழியில் டவர் கிடைக்காதபோது போன் முழுபலத்தோடு சிக்னலைத் தேடும், பேட்டரி மடமடவென்று இறங்கும். டவுன்லோடு செய்த படத்தைத்தான் பார்க்கிறீர்கள் என்றால் ஏரோப்ளேன் மோடு போட்டுவிடுங்கள்.

பொது இடத்து யு.எஸ்.பி. ஓட்டையில் சொருகினால் டேட்டா திருட்டு நடக்கும் என்று ரிசர்வ் வங்கிகூட 2022-இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டில் எச்சரித்திருக்கிறது. என்னைக் கேட்டால், சுவர் பிளக்கில் நம் சார்ஜரைப் போட்டுவிட்டால் அந்தப் பேச்சே இல்லை, வேகமாகவும் ஏறும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய வேலை. உங்கள் பவர் பேங்க்கின் 'ரேட்டட்' எண்ணைக் கமென்டில் போடுங்கள். பெட்டியில் போட்ட எண்ணில் பாதிகூட இல்லாதவர்களுக்கு அடுத்த வீடியோவில் தனிக் கச்சேரி. அப்படியே, சார்ஜிங் பாயின்ட் ஆடாமல் பிடிக்கிற ரயில் ஏதாவது தெரிந்தால் பெட்டி எண்ணோடு எழுதுங்கள், நான் அதிலேயே டிக்கெட் போட்டுக்கொள்கிறேன்.