மந்திரவாதியின் நோட்டு நனைந்தால்

வணக்கம். குன்னூரிலிருந்து வருகிறேன், கேத்தி தாண்டியதும் முன்னால் போன பஸ்ஸே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூட்டம், அதனால் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேச ஆரம்பிக்கிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஒரு கதை விளையாட்டைப் பற்றி, அதிலும் அதில் வருகிற மந்திரப் புத்தகத்துக்கு எங்கள் வீட்டில் நாங்களே போட்டுக்கொண்ட விதிகளைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கி, 1974ல் அமெரிக்காவில் வந்தது. ஒருவர் கதையை நடத்துவார், அவரை டிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி "நான் கதவை உடைக்கிறேன்", "நான் ஒளிந்துகொள்கிறேன்" என்று வாயால் சொல்வார்கள், நடந்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும். தாயம் உருட்டிய கைக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

இதில் மந்திரவாதி மட்டும் தனி ரகம். அவனுடைய வித்தை முழுக்க ஒரு நோட்டில் இருக்கிறது. 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பின் கணக்கில் ஆரம்பத்தில் 6 மந்திரம், அப்புறம் லெவல் ஏறும்போதெல்லாம் 2 சேரும். வழியில் யாரிடமாவது புதிதாக ஒன்று கிடைத்தால் அதைப் பெயர்த்து எழுதலாம், ஆனால் மந்திரத்தின் வலிமையைப் படி படியாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொரு படிக்கும் 2 மணி நேரம், 50 பொற்காசு செலவு. தீப்பந்து மூன்றாம் படி மந்திரம், அப்படியென்றால் 6 மணி நேரம், 150 காசு. இரவு தூங்கி எழுந்து, நோட்டைப் பார்த்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்வான். நோட்டு தொலைந்தால் மனதில் இருப்பதை மட்டும் புது நோட்டில் எழுதிக்கொள்ளலாம், மற்றதெல்லாம் போனது போனதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஜூலை மழையில், நான்தான் டிஎம். கதையில் ஆற்றைக் கடக்கிறார்கள், கயிறு அறுந்தது, பகடையில் 1 விழுந்தது. பை போயிற்று, நோட்டும் போயிற்று என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் லெவல் மந்திரவாதி, நோட்டில் 14, மனதில் 9, ஆக 5 மந்திரம் ஆற்றோடு. அதை ஆடிய பெண் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீரனின் வாள் ஆற்றில் போனால் 15 காசு கொடுத்து இன்னொன்று வாங்கிவிடுவான், இவளுக்கோ நான்கு மாதமாகச் சேர்த்தது போகிறது. எச்சரிக்கைகூட இல்லாமல் பிடுங்கிக்கொண்டது என் தப்பு.

இதற்குப் பயந்து பல பேர் நோட்டின் மேல் கையே வைக்க மாட்டார்கள். தீயில் விழுந்தாலும் வெள்ளத்தில் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை, ஏனென்றால் அப்புறம் அது புத்தகமாகவே இருக்காது, வெறும் பட்டியல்.

அவளைப் போய்ப் பார்த்துப் பேசி, எல்லாரும் உட்கார்ந்துதான் புது விதிகளை எழுதினோம். முதல் விதி, நோட்டு நிஜ நோட்டாக இருக்க வேண்டும். ஒரு மந்திரத்துக்கு ஒரு பக்கம், அவரவர் கையெழுத்தில், தமிழில். பக்கம் இல்லையென்றால் மந்திரமும் இல்லை. அவள் கோடு போடாத நோட்டு வாங்கி ஒவ்வொன்றுக்கும் சக்கரம் வரைந்து எழுதியிருக்கிறாள். தூக்க மந்திரத்தின் பக்கத்தில் டீ டம்ளர் வட்டம் ஒன்று பதிந்து, வர்க்கித் தூள் ஒட்டி, எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. அந்த வட்டமும் சக்கரத்தில் சேர்த்தி என்றாள், நாங்களும் ஒப்புக்கொண்டோம். மூடுபனி மந்திரத்துக்கு ஒரே வரிதான் எழுதியிருக்கிறாள், இந்த ஊரில் அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

அடுத்தது ஈரத்துக்கான விதி. ஊட்டி, குன்னூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், மழைக்காலத்தில் பீரோவுக்குள் பல்பு எரியவிடாவிட்டால் புத்தகமெல்லாம் பூசணம் பூத்துவிடும். எங்கள் ஆட்டத்தில் நோட்டு நனைந்தால் மந்திரம் அழியாது, மை கலங்கும். அன்றைக்கு மனதில் ஏற்றாத ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஆறு முகப் பகடை உருட்ட வேண்டும், 1 விழுந்த பக்கத்தை மறுபடி எழுதும்வரை அதைப் பயன்படுத்த முடியாது. ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிக் காப்பாற்றுவார்களே, அதேபோல ஊரில் தங்கும்போது நோட்டுக்கு எண்ணெய் பூசி வைத்தால் ஒருமுறை பகடையிலிருந்து தப்பலாம்.

சுவடியிலிருந்து எடுத்தது இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் அந்தக் காலத்தில் ஏடு நைந்துபோகும் முன் பார்த்துப் புது ஓலையில் எழுதிவிட்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவார்கள். தன் நோட்டையே இன்னொரு நகல் எடுக்க விதிநூலில் மந்திரத்தின் ஒவ்வொரு படிக்கும் 1 மணி நேரமும் 10 காசும்தான், ஆனாலும் யாரும் எடுப்பதில்லை. அதனால் எங்கள் மேசையில் முதல் நகலுக்குக் காசே கிடையாது, நேரம் மட்டும் போதும். இன்னொரு மந்திரவாதி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் புது மந்திரத்துக்கும் பாதி விலை. இந்த விதி வந்தபிறகு கதையில் சண்டை குறைந்து, சத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிற காட்சிகள் அதிகமாயின. எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

கடைசி விதி டிஎம்முக்கு. நோட்டுக்கு ஆபத்து வருகிற எந்த இடத்திலும் பகடையைத் தொடும் முன் "புத்தகம் எங்கே இருக்கிறது?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்க மறந்தால் நோட்டுக்கு ஒன்றும் ஆகாது.

போன வாரம் மறுபடி ஒரு ஆறு வந்தது, மரப்பாலம், இறங்கினால் இடுப்பளவுத் தண்ணீர். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: புத்தகம் மெழுகுத்துணியில், மெழுகுத்துணி சட்டைக்குள், இன்னொரு நகல் சத்திரக்காரரிடம். பகடையை நான் எடுக்கவே இல்லை. எல்லாரும் பாலத்தைக் கடந்து போனார்கள்.