நிழலில் வாழ்வது வேறு, அறையில் அடைவது வேறு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘வெளிர் நிறத்தைக் காப்பதும் உடல்நலத்தைக் காப்பதும் ஒருசேர இயலுமா, இயலாதா?’ என்பது இன்றைய தலைப்பு. இயலும் என்று சொல்லும் அணியில் இரண்டாவதாகப் பேச வந்திருக்கிறேன். சற்று முன்பு பேசிய எதிரணித் தலைவர், நிறம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் வௌவாலைப் போலத்தான் வாழ வேண்டும் என்று சொல்லி அவையைச் சிரிக்கவைத்துவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மூன்று குற்றச்சாட்டுகளையும் அடுக்கிவிட்டார். வெயில் படாத உடம்பில் வைட்டமின் டி ஊறாது என்றார். வெயிலில் கறுத்த மேனிதான் நலத்தின் அடையாளம் என்றார். வெயிலை ஒதுக்கியவர்களின் ஆயுள் குறைகிறது என்று சுவீடன் நாட்டு ஆய்வே சொல்கிறது என்றார். மூன்றுக்கும் விடை வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் வாதத்துக்கு ஒரு வரப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாய்ந்துவிடும்.

வெளிர் நிறத்தோடு பிறந்த ஒருவர், அந்த நிறத்தை வெயிலுக்கு விட்டுக்கொடுக்காமல் நலமாக வாழலாம் என்பது மட்டுமே எங்கள் வாதம். கருநிறத்திலோ மாநிறத்திலோ பிறந்தவர் வெளுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்பவர்களோடு எங்களுக்கு உறவும் இல்லை. வெளுக்கவைக்கும் களிம்புகள் பலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது, அது தோல்வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதால்தான், பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013-இல் உருவாக்கிய மினமாட்டா உடன்படிக்கை அத்தகைய அழகுப் பொருள்களையும் தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் பூசப்படும் ஸ்டீராய்டு களிம்போ தோலை வெங்காயச் சருகு போல மெலியவைத்துவிடும். நிறத்தை மாற்றுவது ஒரு வேலை, இருக்கும் நிறத்தைக் காப்பது இன்னொரு வேலை. முதலாவதன் பாவத்தை இரண்டாவதன் கணக்கில் எழுத வேண்டாம் என்று எதிரணியைக் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றொரு குழப்பத்தையும் தீர்த்தாக வேண்டும். ஏனென்றால் அதில் நானே விழுந்து எழுந்தவள். என் இருபத்து மூன்றாம் வயதில், பார்த்தவர்களெல்லாம் ‘பளிங்கு போல ஆகிவிட்டாயே’ என்று பாராட்டத் தொடங்கினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும், குளிர்பெட்டியைத் திறந்து ஐஸ்கட்டிகளை எடுத்து எடுத்துக் கடிப்பதையும் அந்தப் பாராட்டோடு சேர்த்துப் பார்க்கும் அறிவு அன்று எனக்கு இல்லை. ஏதோ காய்ச்சலுக்குப் போன இடத்தில் மருத்துவர் என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெறும் காகிதமாக இருந்ததாம். உள்ளங்கையை விரிக்கச் சொன்னார், ரேகைகளில்கூடச் சிவப்பில்லை. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1 என்று வந்தது. கருவுறாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. வெளிர் நிறம் என்பது தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியின் குறைவு. வெளிறிப்போதல் என்பது இரத்தத்தின் குறைவு. பிரிவுத் துயரில் மேனியில் படரும் நிறத்துக்குப் பசலை என்று தனிப்பெயரே வைத்த மொழி நம்முடையது. பிறந்த நிறத்தையும் வந்தேறிய நிறத்தையும் பிரித்துப் பார்க்க அந்த மொழிக்குத் தெரிந்திருக்கிறது, என்னைப் பாராட்டியவர்களுக்குத்தான் தெரியவில்லை. இரும்புச்சத்து மாத்திரையால் என் இரத்தம் தேறியது. உதடும் நகக்கண்ணும் சிவந்தன. பிறந்த வெளிர் நிறம் அப்படியே இருந்தது. ஆகவே எதிரணியினர் வெளிர் தோலைக் கண்டவுடன் நோய் என்று தீர்ப்பெழுத வேண்டாம். இமையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

இனி, கறுத்த மேனியே நலம் என்ற வாதத்துக்கு வருகிறேன். வெளிர் தோலில் வெயில் பட்டுக் கறுக்கும்போது உள்ளே நடப்பது என்ன? புற ஊதாக் கதிர் தோல் செல்லுக்குள் புகுந்து மரபணு இழையைச் சிதைக்கிறது. சிதைவை உணர்ந்த செல் அபயக் குரல் எழுப்ப, அதைக் கேட்ட நிறமிச் செல்கள் மெலனினைச் சுரந்து அண்டைச் செல்களுக்கு அனுப்பிவைக்க, அந்த மெலனின் ஒவ்வொரு செல்லிலும் கருவுக்கு மேலே குடையாகக் கவிந்துகொள்கிறது. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவது அந்தக் குடைகளின் கூட்டம். நனைந்த பிறகு விரித்த குடை, நடுவர் அவர்களே! அதுவும் சிறிய குடை. வெளிர் தோலில் வெயிலால் வந்த கறுப்பு தரும் காப்பு, வெயில்காப்பை அளக்கும் எஸ்.பி.எஃப். கணக்கில் மூன்று நான்கைத் தாண்டாது. கருநிறத்தில் பிறந்தவரின் கதை வேறு. அவர் தோல் பிறக்கும்போதே குடையோடு வந்தது. அவரைக் காட்டி வெளிர் தோல்காரரை வெயிலில் நிறுத்துவது, நீச்சல் தெரிந்தவரைக் காட்டித் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளுவதற்கு ஒப்பாகும்.

சிலருடைய தோலோ எத்தனை நாள் காய்ந்தாலும் கறுப்பதே இல்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் தோலை வகைப்படுத்தியபோது, எப்போதும் கன்றும், ஒருபோதும் கறுக்காது என்ற தோலைத்தான் முதல் வகையாக வைத்தார். பிறவியிலேயே மெலனின் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும் அல்பினிசம் உடையவர்களையும், வெயில் பட்டால் நோய் முற்றும் லூபஸ் நோயாளிகளையும் எண்ணிப் பாருங்கள். வெயிலில் காய்வதே நலத்துக்கு வழி என்றால் இவர்களுக்கெல்லாம் எதிரணி என்ன வழி சொல்லப்போகிறது? செயற்கையாகக் கறுக்கவைக்கும் விளக்குப் படுக்கைகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2009-இல் அவற்றைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பிரிவில், சேர்த்துவிட்டது.

மறுபுறம், தோலைக் காத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கும் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 1992-இல் 1,621 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினரைத் தலை, கழுத்து, கைகளில் நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மறு பாதியினரை அவரவர் வழக்கப்படி விட்டார்கள். நாலரை ஆண்டுகளில், தோல் புற்றில் ஒரு வகையான செதிள் செல் புற்றுக் கட்டிகள் நாள்தோறும் பூசியவர்களிடம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தன. சோதனை முடிந்து மேலும் பத்தாண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, கொடிய மெலனோமா என்ற தோல் புற்று நாள்தோறும் பூசியவர்களில் 11 பேருக்கு, மறு பாதியினரில் 22 பேருக்கு. அதே ஊரில் தோலின் முதுமையையும் அளந்தார்கள். நாள்தோறும் பூசியவர்களின் தோல் அந்த நாலரை ஆண்டுகளில் மூத்ததாகவே தெரியவில்லை. நிறமும் நலமும் ஒரே குப்பியிலிருந்து வந்திருக்கின்றன.

அந்தக் குப்பியைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலோர் சன்ஸ்கிரீனை நெற்றிப் பொட்டு வைப்பது போல வைத்துத் தேய்த்துவிட்டு, பலனில்லை என்கிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அதன் எஸ்.பி.எஃப். அளக்கப்படுகிறது. வீட்டுக் கணக்கில் சொன்னால், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை இரண்டு கோடாகப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். காது மடலின் பின்புறத்தை மறப்பவர்கள் அதிகம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும், வியர்த்தால் அதற்கு முன்பே. இத்தனையும் தொல்லை என்று நினைப்பவர்களுக்கு நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் இருக்கின்றன. அவை வியர்வையில் கரைவதில்லை.

வைட்டமின் டி வாதத்தை எதிரணித் தலைவர் மிகுந்த உருக்கத்தோடு வைத்தார். புற ஊதா பி கதிர் பட்டால் தோலில் வைட்டமின் டி உண்டாகிறது என்பது உண்மைதான். ஆனால் அவர் சொல்லாமல் விட்டது, அந்த உற்பத்திக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதை. ஓரளவுக்கு மேல் வெயிலில் நின்றால், உருவான முன்பொருளை அதே வெயில் வேறு பயனற்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. டி கூடுவதில்லை, சேதம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. வெளிர் தோல் அந்த வரம்பைக் கருந்தோலைவிட விரைவில் எட்டிவிடுகிறது. அதைவிட முக்கியமானது, அந்த வைட்டமின் தோலில் ஊறியதா, வாய்வழி வந்ததா என்று கல்லீரல் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை; இரண்டையும் ஒன்றுபோலவே மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. எழுபது வயது வரை நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகு (ஐ.யு.), அதற்கு மேல் 800 அலகு என்று 2010-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்த அளவே, வெயில் மிகக் குறைவாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குத்தான். கொழுப்புள்ள மீன், முட்டையின் மஞ்சள் கரு, வைட்டமின் செறிவூட்டிய பால், போதாவிட்டால் மாத்திரை. அளவுக்கு மிஞ்சினால் இதுவும் நஞ்சே. 4,000 அலகுக்கு மேல் மருத்துவர் சொல்லாமல் போகக் கூடாது.

இதே இடத்தில் வீட்டுக்குள் அடைந்திருப்பவர்களின் ஒரு மயக்கத்தையும் சொல்ல வேண்டும். கண்ணாடிச் சன்னலருகே அமர்ந்தால் வெயிலின் நன்மை கிடைக்கும், தீமை வராது என்று நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். கண்ணாடி, வைட்டமினைத் தரும் பி கதிரைத் தடுத்துவிட்டு, தோலை முதுமையாக்கும் ஏ கதிரில் பெரும்பகுதியை உள்ளே விடுகிறது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படம் 2012-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. முகத்தின் ஒரு பாதி அவர் வயதுக்கு ஏற்றபடி இருக்க, சன்னல் பக்கமிருந்த இடப்பாதி தடித்து, ஆழ ஆழமாகச் சுருங்கி, அவருடைய தந்தையின் முகத்தை வெட்டி ஒட்டியது போல இருந்தது. அறைக்குள் அடைவதால் நிறமும் நிற்காது, நலமும் நிற்காது என்பதை எதிரணியைவிட நாங்கள் உறுதியாகச் சொல்கிறோம்.

இனி சுவீடன். 2016-இல் வெளிவந்த அந்த ஆய்வு 29,518 பெண்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தது. வெயிலை ஒதுக்கியவர்களின் ஆயுள், மிகுதியாக வெயில் காய்ந்தவர்களைவிட 0.6 முதல் 2.1 ஆண்டு வரை குறைவு என்றது. வருமானம், கல்வி, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கிலெடுத்துத் திருத்தியிருக்கிறார்கள் என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் வெயிலை ஒதுக்கியவர் யார் என்று எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? கோடையில் வெயில் காய்வீர்களா, குளிர்காலத்தில் காய்வீர்களா, விளக்குப் படுக்கை உண்டா, வெளிநாடு போய் நீந்தி வெயில் காய்வீர்களா என்று நான்கு கேள்விகள். நான்குக்கும் இல்லை என்றவர்களில், தொப்பி அணிந்து நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் நடந்தவரும் இருப்பார், நாற்காலியை விட்டு எழாதவரும் இருப்பார். வெயிலின் பயனையும், வெயிலில் திரிகிறவரின் சுறுசுறுப்பான வாழ்க்கையின் பயனையும் பிரித்தறிய முடியவில்லை என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெயில் பட்டால் தோலிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு இரத்த அழுத்தம் சற்று இறங்குகிறது என்பதை மட்டும் எதிரணிக்கு விட்டுத்தருகிறேன். அது அவர்களுடைய நல்ல புள்ளி. ஆனால் அழுத்தத்தை இறக்க வேகமாக நடப்பதும் போதும், அதற்குத் தோல் கன்ற வேண்டியதில்லை.

மேலும், உடலுக்கு வெளிச்சம் தேவைப்படும் வேலைகளில் முக்கியமானவை சில தோல்வழியே அல்ல, கண்வழியே நடப்பவை. உறக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் உள்கடிகாரத்துக்கு முடுக்கம் கொடுப்பது விழித்திரையில் விழும் பகலொளி. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில், அறைக்குள் சில நூறு லக்ஸ் வெளிச்சமே இருக்கும்போது, வெட்டவெளியில் ஒரு மரநிழலில் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கிறது. சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஒளி நிறைய இருக்கும், புற ஊதா மிகக் குறைவாக இருக்கும். கருவி எதுவும் வேண்டாம். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் நடக்கலாம், குட்டையானால் கூரையையோ மரத்தையோ தேடலாம். புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் எண்ணான புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொடும்போதே காப்பு தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு. மேகத்தை மட்டும் நம்பாதீர்கள். மெல்லிய மேகம் கதிரில் பெரும்பகுதியை விட்டுவிடும்.

மணி அடித்துவிட்டார்கள். வௌவால் என்று என்னைச் சொன்ன எதிரணித் தலைவருக்காக இரண்டு பொருள்களைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று, சென்ற மாதம் எடுத்த என் இரத்தப் பரிசோதனைத் தாள்: ஹீமோகுளோபின் 12.9, வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 34 நானோகிராம். 20 இருந்தால் போதும் என்பது வழக்கமான அளவு. இரண்டாவது என் கை. பதினாறு ஆண்டுகளாக நாள்தோறும் விடியலில் ஒரு மணி நேரம் வெட்டவெளியில் நடக்கிற கை இது. முன்கையின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் அருகருகே திருப்பிக் காட்டுகிறேன். நடுவர் அவர்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்க்கலாம்.