அண்ணாச்சி இன்னும் குளிச்சு முடிக்கல

வணக்கம், வானொலி நேயர்கள் எல்லாரும் நல்லா இருக்கியளா. நான் 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர்டு ஆனவ, பாதி சர்வீஸ் ஐசியூல போச்சு. செத்துப் பொழச்சவங்களப் பத்திப் பேசுங்கன்னு நிலையத்துல கேட்டாங்க. நம்மூர்ல டெங்கு வந்து எந்திரிச்சவங்க கூட செத்துப் பொழச்சேன்னு தான் சொல்லுவாவ, நான் பேச வந்தது அது இல்ல, நெசமாவே இருதயம் நின்னு, நாங்க நெஞ்ச அமுக்கி ஷாக் குடுத்து கொண்டாந்த ஆளுங்க, வீட்டுக்குப் போன பெறகு என்ன ஆனாவன்றதப் பத்தி. எங்களுக்கு டிஸ்சார்ஜ் எழுதுனதோட கணக்கு முடிஞ்சுரும், வீட்டுல உள்ளவங்களுக்கு அன்னைக்குத் தான் ஆரம்பிக்கும்.

வேலைக்குச் சேந்த புதுசுல முக்கூடல் பக்கம் பீடி சுத்துற அக்கா ஒருத்தவ வந்தாவ, இருதயம் நின்னு திரும்புன கேஸ். நாலாம் நாள் என் கையப் புடிச்சுக்கிட்டு, "எம்மா, நான் மேல நின்னு பாத்தேன், நீ அழுதுக்கிட்டே ஊசி போட்ட"ன்னாவ. நான் அழுதது நெசம், சின்னப் பிள்ள தான அப்போ. மயக்கத்துல கெடந்தாலும் சில பேருக்கு காது கேக்கும், அப்படி ஏதாவது கேட்டிருக்கலாம், ஆனா அன்னைக்கு எனக்கு வெலவெலத்துப் போச்சு. "கனவு கண்டிருப்பிய, பேசாம படுங்கக்கா"ன்னு அதட்டிட்டேன். அதுக்கப்புறம் அவுக என்கிட்ட வாயத் தொறக்கவே இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு செக்கப்புக்கு வந்தப்போ வீட்டுக்காரர் தான் பொலம்புனார், சொளவ மடில வச்சுக்கிட்டு இலைய கையில புடிச்சபடி அப்படியே உக்காந்திருக்கா சிஸ்டர், கடைல கழிவுன்னு பீடிய ஒதுக்குனா முன்னெல்லாம் கணக்குப்பிள்ளைய ஒரு வழி பண்ணிருவா, இப்போ சரி எடுத்துக்கோன்னு வந்துருதா, கோட்டி புடிச்சிருக்குமோ, கோடாங்கி கிட்ட கூட்டிட்டுப் போவவான்னு கேட்டார்.

கோட்டி இல்ல. ஐசியூல பிதற்றுறது வேற, அத நாங்க தெனம் பாப்போம், செவுத்துல பூச்சி ஊருதும்பாவ, நர்ஸ் விஷம் வைக்காம்பாவ, தெளிஞ்ச பெறகு கேட்டா பாதி ஞாபகம் இருக்காது, இருக்குறதும் துண்டு துண்டா இருக்கும். இருதயம் நின்னு திரும்புனவங்க சொல்லுதது கோர்வையா இருக்கும், பத்து வருஷம் கழிச்சுக் கேட்டாலும் மாறாது.

இத முறையா ஆராய்ஞ்சவங்க உண்டு. ரேமண்ட் மூடின்னு அமெரிக்கர் 1975ல புஸ்தகம் போட்ட பெறகு தான் ஒலகம் இதப் பேச ஆரம்பிச்சுச்சு. நெதர்லாந்துல பிம் வான் லோமல்னு ஒரு இருதய டாக்டர், அவர் கூட்டாளிங்களோட 10 ஆஸ்பத்திரில இருதயம் நின்னு திரும்பின 344 பேர விசாரிச்சு 2001ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல எழுதுனார், அதுல 62 பேருக்கு, அதாவது நூத்துக்கு 18 பேருக்கு, இப்படி ஏதோ அனுபவம் இருந்திருக்கு. எனக்குப் பெருசாப் பட்டது அந்த நம்பர் இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சும் எட்டு வருஷம் கழிச்சும் திரும்பப் போய்ப் பாத்திருக்காவ பாருங்க, அதான். சாவு பயம் கொறஞ்சிருக்கு, மத்தவங்க மேல எரக்கம் கூடியிருக்கு, ஆனா அந்த மாற்றம் மனசுல படிய பல வருஷம் புடிச்சிருக்கு. மூளைல என்ன நடக்குன்னு இன்னொரு பக்கம் தேடுதாவ, 2023ல அமெரிக்கால மிச்சிகன்ல செயற்கை சுவாசத்த நிறுத்துன நாலு பேரோட மூளை அலையப் பதிவு பண்ணதுல ரெண்டு பேருக்கு கடைசி நேரத்துல அலை திடீர்னு எகிறியிருக்கு. ஆனா அந்த ரெண்டு பேரும் திரும்பி வரல, என்ன பாத்தீயன்னு யார்ட்ட கேக்க?

நம்ம நாட்டுல பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில இருந்த சத்வந்த் பஸ்ரிச்சா, அமெரிக்க மனநல டாக்டர் இயன் ஸ்டீவன்சன் கூட சேந்து 1986ல வட இந்தியால 16 பேர் கதைய வெளியிட்டாவ. அங்க சுரங்கம் வெளிச்சம்லாம் பெருசா இல்ல, எம தூதுவங்க வந்து இழுத்துட்டுப் போறாங்க, ஒருத்தர் நோட்டப் பொரட்டிப் பாத்து "இந்த ஆள் இல்லப்பா, மாத்திக் கூட்டியாந்துட்ட"ன்னு திருப்பி அனுப்புறார். படிச்சுட்டு சிரிப்பு வந்துட்டு. சித்ரா பௌர்ணமிக்கு நம்ம பக்கம் எமனோட கணக்குப்பிள்ளை சித்திரபுத்திர நயினார் கதை படிச்சுக் கேட்டு வளந்தவ நான், அந்த கணக்கு நோட்டு எனக்குத் தெரியாதா?

இப்போ எங்க வீட்டுக்கு வாரேன். 2006ல எங்க அப்பா தார்சால சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே சரிஞ்சுட்டாவ. 108லாம் அப்போ கெடையாது, தெருவுல ஒருத்தர் வேன் எடுத்துட்டு வார வரைக்கும் நான் தான் நெஞ்ச அமுக்குனேன், ரெண்டு விலா எலும்பு ஒடஞ்சது என் கைக்கே தெரிஞ்சது, ஆஸ்பத்திரில ஷாக் குடுத்து, மூணு நாள் வென்டிலேட்டர், பொழச்சுட்டாவ. வார்டே என்னயக் கொண்டாடுச்சு. குழாய எடுத்த பெறகு அப்பா என்னயப் பாத்து சொன்ன மொத வார்த்தை, "ஏட்டி, என்னத்துக்குட்டி என்னயத் திருப்பிக் கூப்ட்ட?"

அப்போ அப்பா நம்ம தாமிரபரணி குறுக்குத்துறைல இருந்தாவளாம். ஆத்துல வெள்ளம் இல்ல, கண்ணாடி மாதிரி தண்ணி, செத்துப்போன எங்க பெரியப்பா இடுப்பளவு தண்ணில நின்னு தலைக்குத் தேய்ச்சுக்கிட்டு, "ஏல, நீ ஏம்ல அதுக்குள்ள வந்த, நான் இன்னும் குளிச்சு முடிக்கல, போ"ன்னு வெரட்டிட்டாவளாம். அப்பாக்கு அதுல தான் கோவம், பெரியப்பா மேலயும் என் மேலயும். ஒரு வருஷம் எங்கிட்ட சரியா மொகம் குடுத்துப் பேசல.

எங்க அம்மா பாடு இன்னும் மோசம். 40 வருஷம் ஆக்கிப் போட்டவளுக்கு, புருஷன் திரும்பி வந்து "அங்கயே இருந்திருப்பேன்"னு சொன்னா எப்படி இருக்கும்? அடுக்களைல நின்னு பாத்திரத்த நங்குநங்குன்னு வச்சுக்கிட்டு, "எங்கள விட அங்க நல்லாருந்துச்சோ"ன்னு கேப்பா. அப்பா நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு வருஷம் தவறாம வடம் புடிச்சவங்க, அத விட்டாவ. கோயிலுக்குப் போறது கொறஞ்சு போச்சு, கேட்டா "அவன் அங்க மட்டுமா இருக்கான்"னு சொல்லிட்டு விடியக்காலம் ஆத்துக்குப் போயிருவாவ. சைக்கிள பால்காரப் பையனுக்குக் குடுத்தாச்சு. தம்பி கூட இருந்த எடத் தகராறுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டாவ, அன்னைக்கு அம்மா போட்ட சத்தம் வளவு முழுக்கக் கேட்டுச்சு. டிவில சண்டை வந்தா எந்திரிச்சுப் போயிருவாவ, கொய்யாக்கா விக்கிற பாட்டியப் பாத்து கண்ணு கலங்குவாவ. ஊர் சனம் பெரிய ஞானி ஆயிட்டார்னு பேசிச்சு. ஞானியோட குடித்தனம் நடத்துறது அம்மால்லா.

ரமண மகரிஷி வரலாறு எனக்கு அப்போ தான் வேற மாதிரி புரிஞ்சது. 1896ல மதுரைல, 16 வயசுல, சாகப் போறோம்ங்கிற பயம் வந்து பொணம் மாதிரி படுத்துப் பாத்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். இருதயம் ஒண்ணும் நிக்கல, ஆனா அடுத்த ஆறு வாரத்தப் பாருங்க, போட்டதச் சாப்பிடுறது, திட்டுனா பதில் பேசாதது, மீனாட்சி கோயில்ல தனியா நின்னு அழுறது, பாடம் ஏறாதது, கடைசில அண்ணன் கடிஞ்சுக்கிட்டது. அந்த அண்ணன நான் குத்தம் சொல்ல மாட்டேன், எங்க வீட்டுல நானும் அம்மாவும் அதத்தான் செஞ்சோம்.

நேயர்கள் வீட்டுல இப்படி யாராவது இருந்தா நான் சொல்லுதது இவ்வளவு தான், முழுசாச் சொல்ல விடுங்க, நடுவுல ஆக்சிஜன் கொறஞ்சதுன்னு நீங்க டாக்டராவும் வேண்டாம், விபூதிய அள்ளிப் பூசவும் வேண்டாம். சில பேருக்கு இனிப்பாவே இருக்காது, இருட்டும் பயமுமா இருந்ததா சொல்லுவாவ, அவங்க தான் அதிகம் மறைப்பாவ. தூக்கம் இல்ல, தனியா இருக்க முடியல, திரும்பப் போயிரணும்னு பேச்சு வருதுன்னா அத ஆன்மீகம்னு விட்டுராதீங்க, மனநல டாக்டரப் பாருங்க, அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்கு போன் போட்டாலும் தமிழ்ல பேசுவாங்க.

எங்க அம்மா மூணு வருஷம் சண்ட போட்டுப் பாத்துட்டு, ஒரு நாள் பூ கட்டிக்கிட்டே, "அங்க என்ன தான் பாத்திய, எனக்கு ஒழுங்காச் சொல்லுங்க"ன்னா. அதுக்கு முன்ன அவ கேட்டதே இல்ல. அப்பா மத்தியானம் முழுக்கச் சொன்னாவ, தண்ணி என்ன நெறம், படித்துறைல யார் யார் துணி தொவைச்சாவ வரைக்கும்.

2015ல அப்பா படுக்கைல விழுந்தாவ, இந்த தடவ யாரும் நெஞ்ச அமுக்க வேண்டாம்னு முன்னாடியே எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ. கடைசி நாள் சாயங்காலம் அம்மா கட்டில் பக்கத்துல உக்காந்து, காதுகிட்ட குனிஞ்சு, "கேட்டியளா, உங்க அண்ணாச்சி குளிச்சு முடிச்சாவளா?"ன்னு கேட்டா. அப்பா கண்ணத் தொறக்கல, லேசா சிரிச்சாவ. "துண்டு பிழிஞ்சுக்கிட்டு நிக்காவ."

வணக்கம்.