போக்கர் மேசையில் முகத்தைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா?

[திரையில்: பச்சைத் துணி விரித்த மேசை, நடுவே ஐந்து சீட்டுகள்]

வணக்கம். போக்கர் மேசையில் எதிரே அமர்ந்திருப்பவரின் நடத்தையை வைத்து அவருடைய சீட்டுகளை எந்த அளவுக்கு ஊகிக்கலாம், எந்த இடத்தில் அந்த ஊகம் நம்மைக் கவிழ்த்துவிடும் என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம். டெக்சாஸ் ஹோல்டெம் முறையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டுகள் தரப்படும். பொதுச் சீட்டுகள் ஐந்து. அவற்றில் முதலில் சேர்ந்து திறக்கும் மூன்றை ஃப்ளாப் என்றும், நான்காவதை டர்ன் என்றும், ஐந்தாவதை ரிவர் என்றும் சொல்வார்கள். முதல் இரண்டு சீட்டுகள் கைக்கு வந்ததும் ஒரு முறை, பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முறை எனப் பந்தயம் நடக்கும்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். இந்த மேசையில் அதை நம்பி உட்கார்ந்தால் பணம் போகும். ஆட வருகிற எவரும் முதலில் பழகிக்கொள்வது முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வதைத்தான், சற்று விவரமானவரோ வேண்டுமென்றே முகத்தால் பொய்யும் சொல்வார். மைக்கேல் ஸ்லெபியன் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. 2009-ஆம் ஆண்டின் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் போட்டியில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தயம் வைக்கும் காட்சிகளை ஒலியில்லாத சிறு துண்டுகளாக்கி, சிலருக்கு முகம் மட்டும் தெரியும்படியும், சிலருக்குச் சிப்ஸை, அதாவது பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லைகளை, தள்ளும் கைகள் மட்டும் தெரியும்படியும் காட்டி, அந்த ஆட்டக்காரரின் சீட்டு எவ்வளவு வலுவானது என்று கேட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் கணிப்பு கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிடவும் தேறவில்லை. கைகளை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். தயக்கமில்லாமல், ஒரே வீச்சில் சிப்ஸைத் தள்ளியவர்களிடம் பெரும்பாலும் நல்ல சீட்டு இருந்திருக்கிறது. வித்தியாசம் சிறியதுதான், இதை மட்டும் நம்பி யாரும் வீட்டை அடகு வைக்கக் கூடாது.

[திரையில்: சிப்ஸ் அடுக்கைத் தள்ளும் விரல்கள், மிக அருகில்]

கையைப் பற்றியே இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் அடையாளம் ஒன்று இங்கேதான் இருக்கிறது. பெரிய தொகையை முன்னே தள்ளும்போது ஒருவருடைய விரல்கள் திடீரென நடுங்கினால், அவர் வெறுங்கையோடு பிளஃப் செய்கிறார், அதாவது நல்ல சீட்டு இருப்பதுபோலப் பாசாங்கு செய்கிறார், அந்தப் பயத்தில் நடுங்குகிறார் என்றுதான் முதலில் தோன்றும். அனுபவமுள்ளவர்கள் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிளஃப் செய்கிறவர் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று உடம்பை இறுக்கி, சில சமயம் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருப்பார். அருமையான சீட்டு அமைந்தவருக்கோ அந்தக் கட்டாயம் இல்லாததால் உள்ளே இருக்கும் படபடப்பு விரல் நுனியில் வெளிப்பட்டுவிடுகிறது. ஆனால் காப்பிக் கோப்பையைத் தூக்கும்போதும் கை நடுங்குகிற ஆள் அவர் என்றால், அந்த நடுக்கத்துக்குப் பொருளே இல்லை.

அதனால்தான் ஒருவருடைய இயல்பு எது என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். சீட்டுகளைப் போட்டுவிட்டு ஆட்டத்திலிருந்து விலகி இருக்கும் நேரம் இதற்கு மிகவும் ஏற்றது. பெரும்பாலானோர் அந்த நேரத்தில் கைபேசியைப் பார்த்து வீணாக்குகிறார்கள். யார் எப்போதும் பேசிக்கொண்டிருக்கிறார், பெரிய பந்தயம் வைத்ததும் யாருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது, ஃப்ளாப் திறந்தவுடன் யாருடைய கண் தன் சிப்ஸ் பக்கம் ஒரு கணம் போய்த் திரும்புகிறது என்று கவனித்து, கடைசியில் சீட்டுகள் திறக்கப்படும்போது அதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பெருமூச்சு விட்டு, வேறு வழியில்லாதவர்போலத் தோளைக் குலுக்கிவிட்டுத் தொகையை ஏற்றுகிறவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அது பெரும்பாலும் நடிப்பு, பின்னால் வலுவான சீட்டு இருக்கும்.

இத்தனைக்கும் மேலே நிற்பது பந்தயங்களின் வரிசை. 2003-ல் லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ விடுதியில் நடந்த வேர்ல்டு சீரிஸ் முதன்மைப் போட்டியில், 839 பேரில் இருவர் மட்டும் மிஞ்சியிருந்த கட்டத்தைப் பாருங்கள்.

[திரையில்: ஸ்பேடு ஒன்பது, டைமண்ட் இரண்டு, ஸ்பேடு ஆறு, ஸ்பேடு எட்டு, ஹார்ட்டின் மூன்று]

ஒரு பக்கம் சாம் ஃபர்ஹா, நெடுங்காலமாகப் பெரிய தொகைகளுக்கு ஆடிவந்தவர். மறுபக்கம் கிறிஸ் மனிமேக்கர், இணையத் தகுதிச் சுற்று வழியாக வந்த டென்னசி மாநிலக் கணக்காளர். ஃபர்ஹாவிடம் ஒன்பதில் ஒரு ஜோடி இருந்தது. மனிமேக்கரிடம் ஸ்பேடு ராஜாவும் ஹார்ட்டின் ஏழும். ஃப்ளஷும் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டுகள்) ஸ்ட்ரெய்ட்டும் (எண் வரிசையில் அடுத்தடுத்து ஐந்து சீட்டுகள்) அமையக்கூடிய வாய்ப்பு இருந்தும், கடைசிச் சீட்டில் இரண்டுமே தவறிவிட்டன. அவர் எல்லா சிப்ஸையும் முன்னே தள்ளினார். ஃபர்ஹா அவரைப் பார்த்து, ஃப்ளஷ் தவறிவிட்டது போலிருக்கிறதே என்று கேட்டார். கேள்வி மிகச் சரி. ஆனால் தொப்பியும் கருப்புக் கண்ணாடியுமாக இருந்த மனிமேக்கரிடமிருந்து பதிலும் வரவில்லை, அசைவும் இல்லை. டர்னில் மனிமேக்கர் தொகையை ஏற்றியதும் ரிவரில் அனைத்தையும் வைத்ததும், ஏற்கெனவே ஃப்ளஷ் அமைந்துவிட்ட ஒருவரின் ஆட்டத்தோடு ஒட்டிப்போயின. ஒரே ஒரு ஜோடியை நம்பி அதை எதிர்ப்பது கடினம். ஃபர்ஹா சீட்டுகளைப் போட்டார், மனிமேக்கர் பிறகு 25 லட்சம் டாலரோடு பட்டத்தை வென்றார். ஃபர்ஹாவின் கண் தவறு செய்ததாக நான் நினைக்கவில்லை. கண்டதை நம்புவதற்கு அந்த மனிதரைப் பற்றிய பழைய பதிவு எதுவும் அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

இணையத்தில் ஆடும்போது முகமும் இல்லை, கையும் இல்லை. பந்தயத்தின் அளவும் முடிவெடுக்க ஆகும் நேரமும்தான் மிஞ்சுகின்றன. எதிராளியின் பந்தயத்துக்கு ஒருவர் நொடியில் ஈடுகொடுத்தால், தொகையை ஏற்றலாமா என்று அவர் யோசிக்கவே இல்லை என்று பொருள். ஆகவே அது பெரும்பாலும் நடுத்தரமான சீட்டாகவோ, இன்னும் முழுமையடையாத ஃப்ளஷ் அல்லது ஸ்ட்ரெய்ட்டாகவோ இருக்கும். இதை அறிந்த ஆட்டக்காரர்கள் பலர், முடிவு எளிதோ கடினமோ, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்ட பிறகே பொத்தானை அழுத்துகிறார்கள்.