அகராதிக்குப் படம் வேண்டும்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, தொடக்கவுரை ஆற்றி அவையை நிமிர்ந்து உட்கார வைத்த துணைவேந்தர் அவர்களே, உடல்நலம் சரியில்லாத நிலையிலும் என் அழைப்பை ஏற்று வந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, இந்த அரங்கை மனமுவந்து தந்த நூலகக் குழுச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். துணைவேந்தர் அவர்கள் தாவரவியல் படித்தவர். அவர் மேடையில் இருக்கும்போது செடிகொடிகளைப் பற்றிப் பேசக் கிடைத்ததை என் பேறாகவே நினைக்கிறேன்.

ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தருகிற தமிழ்ப் பொருள் பற்றித்தான் இன்றைய பேச்சு. செடி, விலங்கு, கனிமம், வீட்டுப் பொருள் என்று நான்கு பகுதியாகக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்கிற பழமொழியை இங்கேயும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

கனிமத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் இரண்டு குழந்தைகள். அக்கா ஐந்தாம் வகுப்பு, தம்பி இரண்டாம் வகுப்பு. ஒருநாள் ராத்திரி அந்த வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "ஐயா, கொஞ்சம் வாங்க, பையன் பென்சில் முனையைக் கடிச்சு முழுங்கிட்டான், பொண்ணு அழுகையை நிறுத்த மாட்டேங்கிறா" என்றார். போய்ப் பார்த்தால் பையன் சமர்த்தாகச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அக்காதான் மூலையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுகிறாள். மடியில் ஆங்கிலம்-தமிழ் அகராதி. என்னம்மா என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டுகிறாள். பென்சிலுக்குள் இருப்பதை ஆங்கிலத்தில் 'லெட்' என்கிறார்கள், அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேரே 'காரீயம்' என்று ஒற்றைச் சொல். காரீயம் உடம்புக்கு நஞ்சு என்று அந்த வாரம்தான் பள்ளியில் படித்திருக்கிறாள். "தாத்தா, தம்பி செத்துப்போயிடுவானா?" என்று கேட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பையனைப் பார்த்தார், சிரித்தார், "பென்சிலில் காரீயம் கிடையாதும்மா, அது வெறும் கரி" என்றார். அந்தப் பெண் விடவில்லை. "அப்படின்னா ஏன் அந்தப் பேர் வெச்சாங்க?" என்றாள். நல்ல கேள்வி, இல்லையா?

பதிலை அவளுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் என்ற இடத்தில் கருப்பாக, மினுமினுப்பாக, தொட்டால் கையில் ஒட்டுகிற ஒரு கனிமம் கிடைத்தது. அது காரீயத்தின் ஒரு வகை என்று நினைத்துக்கொண்டார்கள். 1779இல் ஷீலே என்ற வேதியியலாளர் அது கரிதான் என்று காட்டினார். 1789இல் வெர்னர் என்ற கனிமவியலாளர், எழுதுதல் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிராஃபைட் என்று பெயர் வைத்தார். பெயர் மாறியும் பென்சிலை விட்டு 'லெட்' போகவில்லை. இன்னொன்றும் கேளுங்கள். இலங்கைத் தமிழில் காரீயம் என்றாலே கிராஃபைட்தான். ஒரே தமிழ்ச் சொல், கடலுக்கு இந்தப் பக்கம் உலோகம், அந்தப் பக்கம் கரி! ஒற்றைச் சொல்லை மட்டும் போட்டு ஓர் அகராதி நகர்ந்துவிட்டால் குழந்தை அழாமல் என்ன செய்யும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, ஐயா.

செடிக்கு வருகிறேன். 'லில்லி' என்றால் என்ன? அல்லி என்று எழுதிவிடுகிறோம். ஒலியும் ஒத்துப்போகிறது, மனசும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் உண்மையான லில்லி மண்ணில், வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைப்பது. அல்லி குளத்தில் பூப்பது. அதற்கு ஆங்கிலத்தில் 'வாட்டர் லில்லி' என்று பெயர். 'குளோரி லில்லி' என்பதோ நம் செங்காந்தள். அதன் கிழங்கில் கொல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. தோட்டம் போடுகிற ஒருவர் இந்த மூன்றையும் ஒரே பூ என்று எண்ணிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தாமரையையும் அல்லியையும் உடன்பிறப்பு மாதிரி சேர்த்துப் பேசுகிறோம். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸே 1753இல் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்தார். பிறகு பிரித்தார்கள். இன்றைய மரபணு ஆய்வின்படி தாமரைக்கு நெருங்கிய உறவு அல்லி இல்லை, பிளேன் என்ற நிலத்து மரம். துணைவேந்தர் அவர்கள் தலையசைக்கிறார்கள், எனக்குத் தெம்பாக இருக்கிறது.

விலங்குகளைப் பற்றி நிறையச் சொல்லலாம். இரண்டே இரண்டு சொல்கிறேன். 'க்ரோக்கடைல்', 'அலிகேட்டர்' இரண்டும் வேறு வேறு விலங்குகள், ஆனால் இரண்டுக்கும் முதலை என்றே எழுதுகிறோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்களை ஒரே அடியில் அடுக்குகிறார். தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரைச் சொன்னதும் அதே பாட்டில்தான். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துப் பெயர் வைத்த மொழி நம்முடையது. இன்றும் அப்படிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 'டூகாங்' என்ற கடல் விலங்குக்கு நாம் கடற்பசு என்று மொழிபெயர்க்கிறோம். பாக் நீரிணை மீனவர் அதை ஆவுளியா என்கிறார். வலையும் படகுமாக வாழ்கிற அவரிடம் நம் அகராதிக்காரர்கள் கேட்க வேண்டும்.

நான் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பது இதுதான். ஆங்கிலம்-தமிழ் அகராதி எதுவானாலும் சரி, செடி, விலங்கு என்று வரும் இடத்தில் சின்னதாக ஒரு கோட்டுப்படம் போடுங்கள், அறிவியல் பெயரைத் தமிழ் எழுத்திலேயே கொடுங்கள், அந்தப் பொருளோடு புழங்குகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சேருங்கள். முடியாத காரியம் இல்லை. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, செடிகொடிகளுக்கு அன்றைக்கே அறிவியல் பெயர் கொடுத்தது. கணினி இல்லாத காலத்தில் செய்ததை இன்று நாம் விட்டுவிட்டோமே என்பதுதான் என் ஆற்றாமை. படமில்லாமல் அச்சடித்து அடுக்கினால் ஏட்டுச் சுரைக்காய்தான், கறிக்கு உதவாது.

தலைவர் அவர்கள் நேரத்தைக் காட்டுகிறார்கள். வீட்டுப் பொருள்களை எடுக்கவே இல்லை, இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன். வாயிலில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். இலையோ பூவோ மீனோ, உங்களுக்குத் தெரிந்த ஒன்றின் பெயரை எழுதி, பக்கத்தில் அதை வரைந்து கொடுங்கள். வரைய வராதவர்கள் குழந்தைகளிடம் கொடுங்கள், அவர்கள் வரைவார்கள். அப்படிச் சேர்ந்த தாள்களை அகராதி தயாரிக்கிறவர்களிடம் நாங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நன்றி, வணக்கம்.